செல்லக்கனி கொண்டுபோன கை

மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி போன் வந்தபோது அசன் முகம்மதுவுக்குச் சிரிப்புதான் வந்தது.

“கை முளைச்சிருக்கான்னு பாக்கணுமாம்,” என்றார் மனைவியிடம்.

நூர்னிசா சிரிக்கவில்லை. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, போனில் என்ன சொன்னார்கள் என்று முதலிலிருந்து கேட்டாள். மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்களில் அறுபதை நெருங்குகிறவர்களை டாக்டர்கள் இன்னொரு முறை பார்க்கிறார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். ஆள் நேரில் வரவேண்டும்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு. போயிட்டு வருவோம்,” என்றாள்.

அவர் கை போனது ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில். கார்டிங் மெஷினில் சிக்கிய பஞ்சை எடுக்க உள்ளே நீட்டிய வலது கை, முழங்கைக்கு மேலே வரை போய்விட்டது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மச்சான் வைத்திருக்கும் கயிற்றுக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்திவிடுவது தினமும் காலையில் நூர்னிசாவின் வேலை.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்த அன்றே ஒன்று தெரிந்தது. கை இல்லை, ஆனால் முஷ்டி இருக்கிறது. மெஷினுக்குள் பஞ்சைப் பிடித்தபோது எப்படி மூடியிருந்ததோ அதே மாதிரி மூடி, நகங்கள் உள்ளங்கையில் குத்திக்கொண்டு, இருந்தது. நரம்பு செய்கிற வேலை, போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். சரியாகவில்லை. வலி கூடும்போது நூர்னிசா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்கிற இடத்தில் வெறும் காற்றைத் தடவிக்கொடுப்பாள். “இங்கயா?” என்பாள். “இன்னும் கொஞ்சம் கீழ,” என்பார். விரல்களைப் பிரிப்பதுபோல அவளும் செய்து பார்ப்பாள். காற்று காற்றாகவே இருக்கும். வருடக்கணக்கில் இது நடந்தது. பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

முகாமுக்குப் போன அன்று நல்ல வெயில். பள்ளிக்கூட ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஊன்றுகோல்களும் சக்கர நாற்காலிகளுமாக ஹால் நிறைந்திருந்தது. ஆதார் நகல் இன்னொன்று வேண்டும் என்று வாசலில் கேட்டதால், நூர்னிசா ஜெராக்ஸ் கடையைத் தேடிப் போனாள். அசன் முகம்மது ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அவருக்கு வலது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பொதுவாகவே அந்தப் பக்கத்தில் ஆட்கள் உட்காரத் தயங்குவார்கள்.

அந்த நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கம்பால் தட்டித் தடவி, நாற்காலியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் உட்கார்ந்தாள். அவர் வயதுதான் இருக்கும். கண்கள் திறந்திருந்தன. பார்வை எங்கும் நிற்கவில்லை.

“யார் பேரு கூப்பிட்டாங்க இப்போ?” என்றாள்.

“யாரோ பால்பாண்டின்னு கூப்பிட்டாங்க. நீங்க எந்த ஊரு?”

“பிளவக்கல் பக்கம் அண்ணே. அணைக்குப் போற ரோட்டுல. பேரு செல்லக்கனி. எங்க தெரு சமுத்திரம் ஆட்டோவுல கொண்டாந்து விட்டாரு. சாப்பிட்டுட்டு வாரேன்னு போயிருக்காரு.”

முப்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலில் கண் போனதாகச் சொன்னாள். தனியாக இருப்பதாகவும், ஆடு வளர்ப்பதாகவும் சொன்னாள். “வருசா வருசம் இருட்டுதான். இதுல எத மறுபடி பரிசோதிக்கப் போறாவளோ,” என்றாள். வருத்தமில்லாத குரல்.

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று எழுந்ததில் கம்பு கீழே விழுந்து நாற்காலிகளுக்கு அடியில் உருண்டுவிட்டது.

“அண்ணே, செத்த உள்ள கொண்டுபோய் விடுங்களேன்,” என்று இடது கையை நீட்டினாள்.

இந்தப் பக்கம் எனக்குக் கை இல்லம்மா என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் அவள் விரல்கள் வந்து அவருடைய முஷ்டியைப் பிடித்துவிட்டன.

பிடித்தது அவருக்குத் தெரிந்தது. வெதுவெதுப்பான, காய்ப்பேறிய உள்ளங்கை. முஷ்டியின் மேல் அது அழுந்திய கனம் தெரிந்தது. குனிந்து பார்த்தார். ஊக்கு குத்திய சட்டைக்கை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் கீழே, காற்றில், அவளுடைய கை எதையோ சுற்றி வளைந்திருந்தது.

“என்னண்ணே, கைய இம்புட்டு இறுக்கி வச்சிருக்கிய. விடுங்க,” என்றாள். சொல்லிக்கொண்டே சுண்டுவிரலை முதலில் பிரித்தாள். பிறகு அடுத்த விரல். ஒவ்வொன்றாக எல்லா விரலையும் நிமிர்த்திவிட்டு உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினாள். “நகத்த வெட்டக் கூடாதா. பதிஞ்சு பதிஞ்சு குழியாக் கெடக்கு.”

அசன் முகம்மதுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருட வலி, கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்ததுபோல அடங்கிவிட்டது. அவர் நடந்தார். அவள் அவரைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். எதிரே வந்த ஒருவர் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, ஏனென்று தெரியாமலே ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே இருந்த டாக்டரின் பெயர் சத்யப்பிரியா என்று மேஜையில் எழுதி வைத்திருந்தது. சின்ன வயது, களைத்த முகம். டார்ச் அடித்துச் செல்லக்கனியின் கண்ணைப் பார்த்தார்.

“வெளிச்சம் தெரியுதாம்மா?”

“சூடு தெரியுது.”

பிரஷர் பார்க்கப் பட்டையைக் கொண்டுவந்த நர்ஸ், செல்லக்கனியின் இடது கையைத் தன் பக்கம் இழுத்தாள். கை வரவில்லை.

“செத்த பொறுங்க,” என்றாள் செல்லக்கனி. “அண்ணன் கையப் பிடிச்சிருக்கேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். அது பிடித்திருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் அசன் முகம்மதுவின் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தார். நர்ஸ் ஏதோ சொல்லப் போனாள். டாக்டர் தலையசைத்து நிறுத்தினார்.

“அந்தக் கை வேண்டாம். இன்னொரு கையில பாருங்க,” என்றார்.

வெளியே வரும்போது நூர்னிசா நகலோடு ஹால் வாசலில் நின்றிருந்தாள். தன் புருஷனையும், அவருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துவரும் பெண்ணையும், அவர் முகத்தில் இருந்த நிம்மதியையும் பார்த்தாள். அவள் கையிலிருந்த தாள் கசங்கியது. அந்த நேரத்தில் சமுத்திரமும் வந்துவிட்டார். கம்பை எடுத்துக் கொடுத்து, செல்லக்கனியை ஆட்டோவில் ஏற்றினார். நூர்னிசா யாரைப் பார்த்தாலும் ரெண்டு வார்த்தை பேசுவாள், பேசினால் போன் நம்பர் வாங்காமல் விடமாட்டாள். பழக்கதோஷத்தில் அன்றைக்கும் சமுத்திரத்தின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

செல்லக்கனி கையை விடவில்லை. “வாரேண்ணே,” என்று சொன்னாளே தவிர பிடி அப்படியே இருந்தது. ஆட்டோ நகர்ந்தது. அசன் முகம்மது ரெண்டு எட்டு கூடவே போனார். அப்புறம் நின்றுவிட்டார். தோளிலிருந்து ஏதோ நீண்டுகொண்டே போவதுபோல இருந்தது. ஆட்டோ தெருமுனையில் திரும்பியபோது அந்த இழுப்பு நின்றது. ஊக்கு குத்திய இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. கை மட்டும் எங்கேயோ இருந்தது. ஆட்டோவின் குலுங்கல் அதில் தெரிந்தது.

அவர் முறை வந்தது. டாக்டர் முழங்கைக்கு மேலே மிச்சமிருந்த பகுதியை அழுத்திப் பார்த்தார்.

“வலி உண்டா?”

“இன்னைக்குக் காலம்பற வரைக்கும் இருந்துச்சும்மா.”

நர்ஸ் வேறு பக்கம் போகும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கை இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அசன் முகம்மது கண்ணை மூடிக்கொண்டார். “போயிட்டிருக்கு. கிருஷ்ணன்கோவில்ல திரும்புது. ஆட்டோக் கம்பியப் பிடிச்சிருக்கு. கம்பி சுடுது.”

டாக்டர் நிலையில் மாற்றமில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸிலேயே அவர் நூர்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். நம்பாமல் இருக்க அவளால் முடியவில்லை, ஏனென்றால் அவர் முகத்திலிருந்து வலியின் சுருக்கம் போயிருந்தது. கல்யாணமான புதிதில் இருந்த முகம் அது.

“நான் எத்தன வருசம் தடவியிருப்பேன்,” என்றாள் கடைசியில். “எனக்கு ஒருநாளும் அம்பிடல.”



அதன்பிறகு வந்த வாரங்களில் கை தன்பாட்டுக்கு வாழ்ந்தது. கடையில் உட்கார்ந்து இடது கையால் கயிறு சுற்றிக்கொண்டிருப்பார். அப்போது வலது கையில் ஆட்டு ரோமம் உரசும். பள்ளிவாசலில் துஆ கேட்க இடது கையை ஏந்துவார். வலது கை குளிர்ந்த தண்ணீருக்குள் இருக்கும். ஒருநாள் காலையில் அரிசியில் கல் பொறுக்கியது. ஒருநாள் ஏதோ வேலியைத் தடவிக்கொண்டே வெகுதூரம் போனது. எப்போதும் அவள் பிடி அதன்மேல் இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார். சாப்பாடு கூடியது.

நூர்னிசாவுக்கு ஆரம்பத்தில் பயம். ஓதிப் பார்க்கலாமா என்றாள். அப்புறம் கோபம் வந்தது. சட்டைக்கு ஊக்கு குத்தும்போது, “உங்க கை இப்ப என்ன செய்யுது?” என்று கேட்பாள். அவர் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சொல்லாவிட்டாலும் விடமாட்டாள்.

“அவகிட்டப் போயி கேட்டு வாங்கிட்டு வந்துருங்க,” என்றாள் ஒருநாள்.

“வந்தா வலியோடத்தான வரும் நூரு.”

“நம்ம வலி நம்ம வீட்டுல இருந்துட்டுப் போகுது.”

ஒருநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு போட்டு நூர்னிசா குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிடி இறுகியது. எலும்பு நொறுங்கும்போல இறுகியது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இறுக்கம் குறையவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த உள்ளங்கையின் வெதுவெதுப்பு குறைய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் அது கல் மாதிரி ஆகிவிட்டது. பிடி மட்டும் விடவில்லை.

மறுநாள் காலையில் கை மேல் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் தேய்க்கிற சொரசொரப்பு தெரிந்தது. புதுத்துணியின் கஞ்சி தெரிந்தது. அவர் கடைக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, வெறும் சட்டைக்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியபிறகு நூர்னிசா காப்பியோடு வந்தாள். அவர் உதடு வெளுத்திருந்தது.

“என்ன செய்யுது?”

“மண்ணு விழுது,” என்றார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“முதல்ல பிடிப் பிடியா விழுந்துச்சு. இப்ப மம்பட்டியால தள்ளுதாவ.”

நூர்னிசா உள்ளே போய் போனை எடுத்துச் சமுத்திரத்தைக் கூப்பிட்டாள். பின்னால் பேச்சுச் சத்தமும், யாரோ மம்பட்டியைக் கழுவுகிற சத்தமும் கேட்டன. “ஆமாக்கா. நேத்து மத்தியானம் ஆட்டுக்குக் குழை வச்சிட்டு உக்காந்தவ, அப்படியே சாஞ்சிட்டா. இப்பதான் அடக்கம் பண்ணிட்டு நிக்கோம். உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார் அவர். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் இரண்டு பேரும் பஸ் பிடித்து வத்திராயிருப்பு போனார்கள். அங்கிருந்து சமுத்திரம் ஆட்டோவில் பிளவக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலை கிட்டத்தில் தெரிந்தது. போகிற வழியில் அவராகவே பேசினார்.

“முகாமுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அவ கம்பு எடுக்கல பாய். அணைக்கரை வரைக்கும் தனியாப் போயிட்டு வருவா, ஒருநாளு தடுமாறல. இடது கைய மட்டும் இப்படி நீட்டிக்கிட்டே நடப்பா. என்னன்னு கேட்டா, அண்ணன் கூட்டிட்டுப் போறாவம்பா.” கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். “அது யாரோட கைன்னு அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆளு வந்து கேட்டா குடுத்துரணும், இது எரவல்தான்னு ஒருநா சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. குளிப்பாட்டும்போது அந்தக் கைய விரிக்கவே முடியல. எதையோ பிடிச்ச மாதிரி வளைஞ்சு கெடந்துச்சு. அப்படியே வச்சிட்டோம்.”

இடுகாட்டில் ஈரம் காயாத மண்மேடு. மாலை ஒன்று வாடிக் கிடந்தது. சமுத்திரம் தள்ளி நின்றுகொண்டார். அசன் முகம்மது மேட்டின் பக்கத்தில் போய் நின்றதும், கை எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கமாக இருக்கிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. காலுக்குக் கீழேதான் இருந்தது.

“கேளுங்க,” என்றாள் நூர்னிசா.

அவர் கேட்கவில்லை. நூர்னிசாவே குனிந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, மண்ணைப் பார்த்துச் சொன்னாள். “ஏத்தா, அவிய வந்திருக்காவ. கைய விட்டுரு.”

கீழே பிடி தளர்ந்தது.  ஒவ்வொரு விரலாக விலகி, அவர் கை விடுபட்டது. இழுத்தால் வந்துவிடும். அந்தப் பக்கம் அந்தக் குளிர்ந்த கை, விரித்தபடி, ஒன்றையும் பிடிக்காமல் கிடந்தது. சுற்றிலும் மண். அதைத் தவிர அங்கே ஒன்றுமே இல்லை.

அவர் இழுக்கவில்லை. மண்ணுக்குள் துழாவி, அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும் நூரு.”

“செத்தவளுக்கு எதுக்குங்க கை?”

“உசுரோட இருந்தப்பவே வழி தெரியாதவ. இங்க இன்னும் இருட்டா இருக்கு.”

 திரும்பும் பஸ்ஸில் நூர்னிசா அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியபிறகு, எழுந்து அவருக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் இறங்கும்வரை விடவில்லை.

உதவித்தொகை தொடரும் என்று போனில் மெசேஜ் வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி பிறந்து மழைக்காலம் வந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அசன் முகம்மது, “பிளவக்கல்ல மழ. மண்ணு நனையுது,” என்பார். நூர்னிசா போய்க் கொடியில் காயும் துணிகளை எடுப்பாள். அவள் மடித்து முடிப்பதற்குள் ராஜபாளையத்திலும் தூற்ற ஆரம்பிக்கும். அந்த அளவுக்கு இருவருக்கும் அது பழகிவிட்டது.

கார்த்திகையில் ஒரு காலை. அவர் சட்டைக்கு நூர்னிசா ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அவர் உடம்பு சிலிர்த்தது. ஊக்கு பட்டுவிட்டதோ என்று அவள் கையை எடுத்தாள்.

“என்ன?”

 மண்ணுக்குள் அவர் மணிக்கட்டின்மேல் ஏதோ ஊர்ந்து வந்தது. வேராக இருக்கும் என்று நினைத்தார். வேர் அப்படித் தயங்கித் தயங்கித் தொடாது.

“அங்க புதுசா யாரோ வந்திருக்காவ,” என்றார். “சுண்டுவிரலப் பிடிக்குது.”

நூர்னிசா ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

“ஆணா பொண்ணா?”

“தெரியல. சின்னக் கை.”

தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். நூர்னிசா ஊக்கை மறுபடி துணியில் ஏற்றி, குத்தாமல் பார்த்துப் பூட்டினாள். மடிப்பை நீவிவிட்டாள்.

“அப்ப விட்டுராதிய,” என்றாள்.